காக்கை உட்கார, பனம்பழம் விழ...

(இறுதியாண்டு, மின்னணுவியல் பிரிவு)



கணக்குப் பாடத்தில் ‘மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு பொருத்துதல்’ என்று ஒரு பகுதி வருமே, ஞாபகம் இருக்கிறதா? அட்டவணை போடு, பெருக்கு, கூட்டு, வகு, கோட்டின் சமன்பாட்டை எழுது, மார்க்கை வாங்கு. அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள உறவு. நானும் அப்படித்தான் இருந்தேன். “இதை வச்சு என்னடா செய்யப் போறோம்?” என்று பெஞ்சில் உட்கார்ந்து புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் பதில் கிடைத்தது வகுப்பறையில் அல்ல. எங்கள் வீட்டுத் திண்ணையில்.

என் அக்கா மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். தவழ்வான், பிடித்துக்கொண்டு நிற்பான், ஆனால் தனியாக நடக்கவில்லை. அதற்குள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். “இவ ஆறாம் மாசமே வேலைக்குப் போயிட்டா, அதான்” என்றார் அக்காவின் மாமியார். “புட்டிப்பால் கொடுத்தா இப்படித்தான் ஆகும்” என்றார் பெரியம்மா. “வாக்கர் வாங்கித் தாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார் மாமா. எல்லா விரலும் கடைசியில் ஒரே ஆளைத்தான் காட்டின. அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

இவர்கள் சொல்வது உண்மையா, பொய்யா? எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் நாம் அலட்சியமாக எழுதித் தள்ளும் அந்தக் கணக்கு எதிரே வந்து நின்றது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஒட்டுறவு என்றால் என்ன?

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் ஒட்டுறவு. ஆங்கிலத்தில் கோரிலேஷன் என்கிறோம். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் 1888ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். நாம் இன்று போடும் கணக்கு முறையை 1896ல் செம்மைப்படுத்தியவர் கார்ல் பியர்சன். இதன் கெழு –1க்கும் +1க்கும் இடையில்தான் இருக்கும். +1 என்றால் ஒன்று ஏற மற்றதும் பிசகாமல் ஏறும். –1 என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். 0 என்றால் இரண்டுக்கும் நேர்கோட்டு உறவு இல்லை.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு கணக்கே போடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் ஆண் குழந்தைகளின் நடுவளவு எடை இப்படி இருக்கிறது:

6ஆம் மாதம் – 7.9 கிலோ
7ஆம் மாதம் – 8.3 கிலோ
8ஆம் மாதம் – 8.6 கிலோ
9ஆம் மாதம் – 8.9 கிலோ
10ஆம் மாதம் – 9.2 கிலோ
11ஆம் மாதம் – 9.4 கிலோ
12ஆம் மாதம் – 9.6 கிலோ

மாதங்களின் சராசரி 9. எடைகளின் சராசரி 8.84. ஒவ்வொரு மாதமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 28 வரும். எடைக்கும் அப்படியே செய்தால் 2.26. இரண்டு விலகல்களையும் ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 7.9. இப்போது 28ஐயும் 2.26ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 7.95 வரும். 7.9ஐ 7.95ஆல் வகுத்தால் 0.99. கிட்டத்தட்ட முழு ஒட்டுறவு!

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். இவை பல குழந்தைகளைச் சேர்த்து எடுத்த நடுவளவுகள். அதனால்தான் கோட்டில் வரிசையாக நிற்கின்றன. நம் தெருவில் உள்ள இருபது குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், கெழுவும் குறைந்துவிடும். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி அல்லவா?

தொடர்புப் போக்கு – கோடு போடும் கலை

ஒட்டுறவு ‘சேர்ந்து போகிறது’ என்று மட்டும் சொல்லும். ‘எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் சொல்வது தொடர்புப் போக்கு, அதாவது ரிக்ரெஷன். மேலே உள்ள கணக்கில் 7.9ஐ 28ஆல் வகுத்தால் 0.28. மாதத்துக்குச் சுமார் 280 கிராம் எடை கூடுகிறது என்று அர்த்தம். கோட்டின் சமன்பாடு:

எடை = 6.3 + 0.28 × மாதம்

9ஆம் மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8.82 வருகிறது. அட்டவணையில் இருப்பது 8.9. பேஷ்!

இப்போது ஒரு வேடிக்கை. இதே சமன்பாட்டில் மாதத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். பிறந்த குழந்தையின் எடை 6.3 கிலோ என்று வருகிறது! உண்மையான நடுவளவு 3.3 கிலோதான். சரி, முன்னால் போவோம். ஐந்து வயதுக்கு, அதாவது 60 மாதத்துக்குப் போட்டால் 23.1 கிலோ. அட்டவணையில் இருப்பதோ 18.3. கணக்கு தப்பில்லை நண்பர்களே, நாம்தான் தப்பு. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை எடுத்த அளவை வைத்துப் போட்ட கோடு அந்த எல்லைக்குள்தான் பேசும். எல்லை தாண்டி இழுத்தால் பொய் சொல்லும். கையளவு தெரிந்ததை வைத்து உலகளவு பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

பல்லுக்கும் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது முக்கியமான இடம். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை உள்ள குழந்தைகளைக் கூட்டி, ஒவ்வொருவருக்கும் எத்தனை பல், எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். பல் அதிகமுள்ள குழந்தை அதிகச் சொற்கள் பேசும். ஒட்டுறவு நன்றாகவே இருக்கும். அப்படியானால் பல்தான் பேச்சைக் கொண்டுவருகிறதா? இல்லவே இல்லை. இரண்டையும் கொண்டுவருவது வயது! வயது ஏற ஏறப் பல்லும் முளைக்கிறது, பேச்சும் வருகிறது. பனைமரத்தில் காக்கை உட்காரும் நேரமும் பழம் விழும் நேரமும் ஒன்றாக இருந்தால், காக்கைதான் தள்ளியது என்று சொல்கிற கதைதான் இது.

இதைக் கணக்காலேயே பிடிக்கலாம். பகுதி ஒட்டுறவு என்று இதற்குப் பெயர். புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள் (இவை எங்கும் அளந்தவை அல்ல). பல்லுக்கும் சொல்லுக்கும் 0.60. பல்லுக்கும் வயதுக்கும் 0.80. சொல்லுக்கும் வயதுக்கும் 0.75. வயதின் பங்கைக் கழிக்க, பின்னவை இரண்டையும் பெருக்கி முதலாவதிலிருந்து கழிக்க வேண்டும். 0.80 × 0.75 = 0.60. 0.60 – 0.60 = 0. இதை வேறொரு எண்ணால் வகுப்பதும் உண்டு. ஆனால் மேலே பூஜ்யம் வந்த பிறகு எதனால் வகுத்தால் என்ன? ஒரே வயதுள்ள குழந்தைகளுக்குள் பார்த்தால் பல்லுக்கும் சொல்லுக்கும் உறவே இல்லை என்று ஆகிவிட்டது. 0.60 என்று மார்தட்டிய ஒட்டுறவு காணாமல் போய்விட்டது.

இப்படி மறைந்து நின்று இரண்டு பக்கமும் கயிறு இழுக்கும் மூன்றாம் ஆளைக் கண்டுபிடித்து, அவன் பங்கைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. ஒன்றல்ல, பத்து மூன்றாம் ஆட்கள் இருந்தாலும் ஒரே சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பெயர் பன்மடித் தொடர்புப் போக்கு, நம் பாஷையில் மல்டிபிள் ரிக்ரெஷன்.

தாய்ப்பாலும் அறிவும்

இனி நிஜமான ஆராய்ச்சிக்கு வருவோம். தாய்ப்பால் குடித்த குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்லி வந்தன. ஜெஃப் டெர், டேவிட் பாட்டி, இயன் டியரி ஆகிய மூவரும் 2006ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 3,161 தாய்மார்களின் 5,475 பிள்ளைகளைப் பற்றிய விவரம் அது. மேலோட்டமாகப் பார்த்தால் தாய்ப்பால் குடித்தவர்களுக்குச் சுமார் 4 மதிப்பெண் அதிகம். அடுத்து அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். தாயின் அறிவுத்திறன் மதிப்பெண்ணையும் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது. அந்த நாட்டில் அதிகம் படித்த, அறிவுத்திறன் தேர்வில் அதிகம் வாங்கிய தாய்மார்கள்தான் கூடுதலாகத் தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்கள்! குடும்பச் சூழ்நிலை முதலான மற்றவற்றையும் சேர்த்த பிறகு மிஞ்சியது 0.52 மதிப்பெண். அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான்.

உடனே “அப்போ தாய்ப்பால் தேவையில்லையா?” என்று கிளம்பிவிடாதீர்கள். கதை முடியவில்லை.

சமன்பாட்டில் நாம் அளந்ததை மட்டும்தான் கழிக்க முடியும். அளக்காமல் விட்ட மூன்றாம் ஆள் உள்ளேயே ஒளிந்திருப்பான். அவனை விரட்ட ஒரு வழி, குலுக்கல் முறையில் பிரிப்பது. பெலாரஸ் நாட்டில் மைக்கேல் கிரேமர் தலைமையிலான குழு அதைச் செய்தது. 31 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் தாய்ப்பால் ஊட்டுவதற்குச் சிறப்பு ஊக்கம் தந்தார்கள். மொத்தம் 17,046 தாய்-சேய் ஜோடிகள். ஊக்கம் தந்த பிரிவில் ஒரு வயதுக்குள் வயிற்றுப்போக்கு போன்ற தொற்று கண்ட குழந்தைகள் 9.1 சதவீதம், மறுபிரிவில் 13.2 சதவீதம். அதே குழந்தைகளை ஆறரை வயதில் சோதித்து 2008ல் வெளியிட்டபோது, மொழி சார்ந்த அறிவுத்திறன் மதிப்பெண் ஊக்கம் தந்த பிரிவில் 7.5 அதிகம். ஆனால் அந்த 7.5க்கான நம்பக எல்லை 0.8லிருந்து 14.3 வரை நீண்டு கிடந்தது. அதாவது உண்மையான வித்தியாசம் துளியாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம்.

ஆகவே தொற்றிலிருந்து தாய்ப்பால் காக்கிறது என்பது உறுதி. அறிவு வளர்க்கிறதா, எவ்வளவு என்பது இன்னும் இழுபறி. ஒரே கேள்வி இல்லை பாருங்கள், இரண்டு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிப் பதில்.

கழித்த பிறகும் மிஞ்சிய காரீயம்

எல்லாமே கழித்தால் கரைந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். கரையாத ஒன்றைச் சொல்கிறேன். அது நம் கையோடு சம்பந்தப்பட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டேவிட் பெலிஞ்சர் குழுவினர் 249 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று அளந்தார்கள். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பிரிவு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. 10ம் அதற்கு மேலும் இருந்தால் அதிகம். அந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வைத்திருந்த எச்சரிக்கை அளவோ 25! ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வயது வரை குழந்தைகளின் மனவளர்ச்சியைச் சோதித்தார்கள். தாயின் அறிவுத்திறன், குடும்பச் சூழ்நிலை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துச் சமப்படுத்திய பிறகும், குறைவான பிரிவுக்கும் அதிகமான பிரிவுக்கும் 4.8 மதிப்பெண் வித்தியாசம் நின்றது. 1987ல் வெளியான ஆய்வு இது. ‘பாதுகாப்பான அளவு’ என்று நினைத்ததற்கு வெகு கீழேயே பாதிப்பு தெரிந்தது.

2005ல் புரூஸ் லான்ஃபியர் முதலானோர் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளின் 1,333 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். காரீயம் 2.4லிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போது அறிவுத்திறன் மதிப்பெண் 3.9 குறைகிறது. 10லிருந்து 20க்கு ஏறும்போது மேலும் 1.9. 20லிருந்து 30க்கு 1.1. கவனித்தீர்களா? இது நேர்கோடு அல்ல, வளைகோடு! ஆரம்பத்தில்தான் சரிவு செங்குத்தாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நேர்கோடு போட்டிருந்தால் சின்ன அளவில் நடக்கும் பெரிய பாதிப்பு தெரியாமலே போயிருக்கும்.

இப்படிப்பட்ட கணக்குகள் வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் எச்சரிக்கை அளவு 1991ல் 10 ஆகவும், 2012ல் 5 ஆகவும், 2021ல் 3.5 ஆகவும் இறங்கியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக 2021ல் அல்ஜீரியாவிலும் நின்றுவிட்டது.

நம் கையோடு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? லேபில் பற்றவைக்கும் அறுபது-நாற்பது சால்டர் கம்பியில் நாற்பது பங்கு காரீயம். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு. சால்டர் செய்யும்போது கிளம்பும் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸ் எரியும் புகைதான். காரீயம் விரலில் ஒட்டிக்கொண்டு, அப்படியே வடை, பஜ்ஜியோடு வாய்க்குள் போகிறது. பேட்டரி கடையில் வேலை பார்ப்பவர்களின் சட்டையில் படிந்த தூசி வீடு வரை வருகிறது. தரையில் தவழும் குழந்தை எதைத் தொட்டாலும் உடனே வாயில்தானே வைக்கும்? அதனால் நண்பர்களே, லேபை விட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சட்டையையும் மாற்றிவிட்டுத் தூக்குங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

மறக்கக்கூடாத நான்கு

1. சேர்ந்து நடப்பதெல்லாம் காரணம் ஆகாது. மூன்றாம் ஆள் யார் என்று முதலில் தேடுங்கள்.

2. கெழுவை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 0.3 என்றால் கேட்க நன்றாக இருக்கும். வர்க்கம் 0.09. ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒன்பது பங்குதான் அதனோடு போகிறது. மீதி 91 பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

3. கோட்டை அளந்த எல்லைக்கு வெளியே இழுக்காதீர்கள். வளைந்ததை நேராக்கவும் பார்க்காதீர்கள்.

4. கூட்டத்தைப் பற்றிய கணக்கை ஒரு குழந்தையின் தலையில் கட்டாதீர்கள். 4.8 என்பது சராசரி. அதை வைத்து ‘இந்தப் பிள்ளைக்கு இதனால்தான் இப்படி’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அக்கா வீட்டுக்குத் திரும்புவோம்

இவ்வளவும் படித்த பிறகு ஒருநாள் அக்காவிடம் ஒரு தாளைக் காட்டினேன். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட விவரம். ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. சராசரி 12 மாதத்தை ஒட்டி வருகிறது, அவ்வளவுதான். நம் வீட்டில் எல்லோரும் அந்தச் சராசரியைக் கெடு நாள் என்று நினைத்துக்கொண்டு பதறியிருக்கிறார்கள்!

“அக்கா, இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. பதினெட்டு மாசமும் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டுவோம். அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதே” என்றேன். அக்கா தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். “இதை அத்தைகிட்டயும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுடா” என்றாள். மாமியார் கேட்டுவிட்டு, “காகிதத்துல எழுதினா ஆச்சா?” என்று எழுந்து போய்விட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு வேலைக்குப் போனதைப் பற்றிய பேச்சு வீட்டில் குறைந்தது.

பதினாறாம் மாதம் ஒரு சாயங்காலம், கட்டிலை விட்டுவிட்டு நாலு அடி நடந்து வந்து என் முழங்காலைப் பிடித்தான் மருமகன். மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்றார். பெரியம்மா தான் தேய்த்துவிட்ட எண்ணெய்தான் காரணம் என்றார். மாமா போன வாரம் வாங்கி வந்த வாக்கரைப் பெருமையோடு பார்த்தார்.

காக்கைகள் மூன்று உட்கார்ந்திருந்தன. பழம் தானாகத்தான் பழுத்தது.

அடுத்த முறை கணக்குத் தாளில் நேர்கோடு பொருத்தச் சொன்னால், மார்க்குக்காக மட்டும் போடாதீர்கள் நண்பர்களே. வீட்டில் யாராவது ஒரு தாயைப் பார்த்து “உன்னாலதான்” என்று விரல் நீட்டும்போது, “மற்றதெல்லாம் சமமா வச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்கும் தைரியத்தை அந்தக் கணக்கு உங்களுக்குத் தரும்.